பொன்னு அண்ணன் கேட்ட இன்னொரு நிமிஷம்

"எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று மைக்கில் சொன்னேன். முதலில் ஹிந்தியில், அப்புறம் ஆங்கிலத்தில், அப்புறம் எனக்குத் தெரிந்த அரைகுறை பிஜி மொழியில், கடைசியாகத் தமிழில். எங்கள் மைதானத்தில் அதுதான் வழக்கம். தமிழ் வந்து சேருவதற்குள் கூட்டம் முழுக்க எழுந்து நின்றுவிடும்.

பிஜித் தீவில் நாடி விமான நிலையத்தை ஒட்டிய வோட்டுவாலேவில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மைதானம் அது. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் கோல் கம்பத்தடியில் ஒரே சேறு. சாலைக்கு அந்தப் பக்கம் யாரோ கரும்புக் காட்டைக் கொளுத்தியிருந்தார்கள். கரித்தூள் பறந்து வந்து வெள்ளைச் சட்டைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. பொரித்த பட்டாணி விற்கிற அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார்.

நடுக்கோட்டில் இரண்டு அணியும் தலைகுனிந்து நின்றன. எங்கள் அணியில் இடது பக்கம் ஆடுகிற எப்பேலி முகத்தை உயர்த்தவே இல்லை. அவன் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மௌனத்தைத் தொடங்கி வைப்பது சுலபம். முடித்து வைப்பதுதான் கஷ்டம். நான் 'நன்றி' என்று சொல்கிற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. அந்தப் பொறுப்பு மைக் பிடிக்கிறவனுடையது. கடிகாரத்தின் நொடி முள் ஒரு முழுச் சுற்று வந்ததும் நன்றி சொன்னேன்.

யாருக்காக நாங்கள் அப்படி நின்றோமோ, அந்தப் பொன்னுசாமி அதே நேரத்தில் பிரிஸ்பேனில் ஒரு பஸ் டெப்போவில், முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, நல்ல உயிரோடு பஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

முன் சக்கரத்தைப் பார்

மைக் செட் வாங்கிக் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வாடகைக்கு விட ஆரம்பித்த கதையைச் சில வாரங்களுக்கு முன்பு இந்தப் பக்கத்தில் எழுதினேன். அந்த மைக் செட்தான் என்னைப் பந்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. எனக்குப் பந்து உதைக்க வராது. ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் யார் உதைத்தார், யார் தடுத்தார் என்று கத்த வரும். ஊரில் என் பெயரே 'மைக்கு' என்று ஆகிவிட்டது.

பொன்னு அண்ணன் எங்கள் அணியின் கோல் கீப்பர். வாரத்தில் ஆறு நாள் குவீன்ஸ் ரோட்டில் பஸ் ஓட்டுவார். நாடியில் புறப்பட்டால் சிகடோகா, அதைத் தாண்டிக் கடலோரமாகவே சுவா வரைக்கும். ஜன்னலில் கண்ணாடி இல்லாத பஸ். மழை வந்தால் பயணிகளே தார்ப்பாயை அவிழ்த்து இறக்கிவிட வேண்டும். அவர் பஸ்ஸில் மட்டும் யாருக்கும் வாந்தி வராது என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். வளைவுகளில் அவர் பிரேக்கை மிதித்து நான் பார்த்ததில்லை. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவார்.

ஒரு தடவை பெனால்டி உதையை அவர் பிடித்த பிறகு, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"எதுக்க லாரி வந்தா ஓட்டறவன் மூஞ்சியப் பாக்கக் கூடாதுடா மைக்கு. மூஞ்சி பொய் சொல்லும். முன் சக்கரத்தப் பாரு. அது எங்க திரும்புதோ அங்கதான் வண்டி வரும்."

"பந்து உதைக்கிறவனுக்கு ஏதுண்ணே சக்கரம்?"

"ஊணி நிக்கிற காலு இருக்குதில்ல? அதான்."

இவ்வளவுதான் அவருடைய வித்தை. இதை எத்தனையோ பேரிடம் சொல்லியும் இருக்கிறார். கேட்ட யாருக்கும் வரவில்லை. அந்தக் கைகள் வேண்டாமா? ஸ்டீயரிங்கைப் பிடித்தால் விரல் நுனி திரும்பி மணிக்கட்டைத் தொடும் போலிருக்கும்.

எப்பேலியின் காது

எப்பேலி சிகடோகா பள்ளத்தாக்கில் மேலே ஒரு பிஜியர் கிராமத்துக்காரன். பஸ்களைப் பழுது பார்க்கிற காரேஜில் மெக்கானிக். பந்து ஆடும்போது காலில் ஒன்றும் போடமாட்டான். பூட்ஸ் போட்டவர்கள் அவன் காலை மிதித்துவிட்டு அவர்களே நொண்டுவார்கள்.

எஞ்ஜினில் கோளாறு என்றால் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுப்பான். முனையை எஞ்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவான். நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்துவோம். கொஞ்ச நேரம் கழித்து, "மூணாவது" என்பான். மூன்றாவது சிலிண்டரைத் திறந்தால் குற்றம் அங்கேதான் இருக்கும்.

அவன் எங்களோடு ஹிந்தியில் பேசுவான். எங்கள் தீவில் தமிழன் வீட்டுப் பிள்ளைகளே ஹிந்திதான் பேசும்போது அவனைச் சொல்வானேன். ஆனால் ஆட்டத்தின் நடுவில் அவன் வாயில் வருகிற கெட்ட வார்த்தை எல்லாம் சுத்தமான தமிழ். பொன்னு அண்ணன் கற்றுக் கொடுத்தது. நடுவருக்குப் புரியாது என்பதால் இரண்டு பேரும் தண்டனையே இல்லாமல் திட்டித் தீர்ப்பார்கள்.

இப்போது இருவருமே இல்லை. இதை எழுதும்போது அந்த வசவுகளைத்தான் முதலில் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

இந்தியர்கள் பங்கெடுத்த அரசாங்கத்தைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை நாங்கள் 'கூ' என்றே சொல்வோம். முதல் கூ நடந்தது. சில மாதத்தில் இரண்டாவதும் நடந்தது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஓடக் கூடாது, பந்து ஆடக் கூடாது என்று உத்தரவு வந்தது. கர்த்தருக்குரிய நாளாம்.

கரும்பு வெட்டுகிற எங்கள் ஆட்களுக்கு ஓய்வு கிடைக்கிற நாளே ஞாயிறுதான். ஆட்டமும் அன்றைக்குத்தான். பொன்னு அண்ணன் முதல் ஞாயிறு மைதானத்துக்கு வந்து, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று கோல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"வார நாள்ல மூணு எடத்துல பஸ்ஸ நிறுத்தி துப்பாக்கியோட ஏறிப் பாக்கறானுங்க. பையப் பிரிச்சுக் கொட்டறானுங்க. சரின்னு பொறுத்துக்கிட்டேன். இந்த ஒரு நாளையும் எடுத்துக்கிட்டா நான் எதுக்குடா இங்க இருக்கணும்?" என்றார்.

அவர் தம்பி பிரிஸ்பேனில் இருந்தார். மறு வாரமே அங்கே குடியேற அண்ணன் மனுப் போட்டுவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

அந்த மாதங்களில் விமானம் ஒவ்வொன்றும் எங்கள் கூரைக்கு மேலேதான் கிளம்பிப் போகும். சத்தம் கேட்டதும் என் மனைவி, "இன்னிக்கி யாரு?" என்று கேட்பாள். நர்ஸ், கணக்கு வாத்தியார், தையற்காரர் என்று ஏதாவது பதில் இருக்கும்.

சாலுசாலு

பொன்னு அண்ணன் ஒரு சனிக்கிழமை கிளம்புவதாக இருந்தது. அணி முழுவதும் விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்பத் திட்டம். எப்பேலியின் மனைவி ஒரு சாலுசாலு கட்டிக் கொடுத்தாள். விருந்தாளி வந்தாலும், வேண்டியவர் பயணம் போனாலும் பிஜியர் கழுத்தில் போடுகிற மாலை அது. மரப்பட்டை நாரில் பூவும் இலையும் வைத்துப் பின்னியது.

வெள்ளிக்கிழமை காலை அதை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு எப்பேலி காரேஜுக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். அப்போதுதான் பஸ் கம்பெனி ஆள் ஒருவர் செய்தி சொன்னார். பொன்னுசாமிக்கு முன்னாலேயே இடம் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமையே குடும்பத்தோடு போய்விட்டார். கடைசி டிரிப் முடிந்ததும் பஸ்ஸைத் தானே கழுவித் துடைத்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாராம்.

யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

எப்பேலி மாலையைச் சுற்றியிருந்த ஈரத் துணியை அவிழ்த்தான். காரேஜ் சுவரில் எங்கள் அணியின் படமும், அதன் பக்கத்தில் கோப்பையோடு பொன்னு அண்ணன் தனியாக நிற்கிற படமும் மாட்டியிருந்தன.

"ஆளுதான் நிக்காம போயிட்டாரு. போட்டோவாவது போட்டுக்கட்டும்" என்று சொல்லி, மாலையை அண்ணன் படத்தில் மாட்டினான்.

அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மாலை போட்ட படம் எங்கள் வீடுகளில் எதைச் சொல்லும் என்று நன்றாகத் தெரியும். 'எடுத்துருடா' என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் எனக்கு அவ்வளவு கோபம். இருபது வருஷம் அவர் பெயரை மைக்கில் கத்தியிருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? எனக்கு அவர் செத்தவர்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மாலை தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கறுப்புத் துணி

சிகடோகாப் பக்கம் காய்கறித் தோட்டக்காரர்கள் சேர்ந்து நடத்திய அணி ஒன்று இருந்தது. சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை எங்களோடு ஆட வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒவ்வொருவர் கையிலும் கறுப்புத் துணி கட்டியிருந்தது.

அவர்களுடைய கேப்டன் நேராக என்னிடம் வந்தார். "ஆட்டத்துக்கு முன்னால பொன்னுசாமி அண்ணனுக்கு ஒரு நிமிஷம் குடுக்கணுங்க. நீங்களே சொல்லுங்க" என்றார்.

அந்த அணியில் பாதிப் பேருக்கு பிரிஸ்பேனில் சொந்தம் உண்டு. அங்கிருந்து சேதி வந்திருக்கிறது என்று நினைத்தேன். எப்படி, என்ன ஆச்சு என்று கேட்டேன். "உங்களுக்குத்தானே தெரியும்" என்பது மாதிரி அவர் என்னைப் பார்த்தார். துக்கத்தில் இருக்கிறவனை ஏன் கிளற வேண்டும் என்று பேசாமல் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். அவர்கள் ஊர் டிரைவர் ஒருவர் ரேடியேட்டர் குழாய் வாங்க எங்கள் காரேஜுக்கு வந்திருக்கிறார். எப்பேலி ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தான். வந்தவர் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய் ஊரில் சொல்லியிருக்கிறார். எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நாங்கள் நம்பினோம்.

உள்ளபடி நடுவில் நின்றது நான் எடுக்காமல் விட்ட மாலைதான்.

டெலிபோன்

பதினைந்து நாள் கழித்துக் காரேஜில் டெலிபோன் அடித்தது. எப்பேலி எடுத்தான். எடுத்தவன் "ஐயோ" என்று தமிழில் அலறிவிட்டு ரிசீவரை என் கையில் திணித்தான்.

"என்னடா மைக்கு, என்ன எரிச்சே முடிச்சிட்டீங்களாமே?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மாலை விஷயத்தை உளறிக் கொட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சிரிக்கப் போகிறார் என்று பார்த்தால் வேறு ஏதோ கேட்டார்.

"எவ்ளோ பேரு நின்னாங்க?"

"எல்லாரும்ணே. ரெண்டு டீமும். பட்டாணிக்காரம்மாகூட."

"சிகடோகாக்காரனுங்க தொப்பிய எடுத்தானுங்களா?"

"எடுத்தானுங்கண்ணே."

"எப்பேலி?"

"அழுதான்."

அந்தப் பக்கம் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவருடைய லைசென்ஸ் அங்கே செல்லாது என்று சொல்லி, பஸ் கழுவுகிற வேலையில் போட்டிருந்தார்கள்.

"இங்க எவனுக்கும் எம்பேரு தெரியாதுடா" என்றார். "சொல்லாம வந்தது தப்புதான். ஒங்க மூஞ்சியெல்லாம் பாத்தா ஏற மாட்டேன்னு தெரியும். அதான்."

"பரவால்லண்ணே."

"ஆனா இதையே சாக்கு வெச்சு என்ன ஏமாத்திராத. உசிரோட இருக்கையில குடுத்தது செல்லாது. நான் நெசமா போறப்ப இன்னொண்ணு குடுக்கணும். ஒன் வாயால சொல்லணும். தமிழ்லயும் சொல்லணும்."

"சொல்றேண்ணே."

"சத்தியமா?"

"சத்தியமா."

நான் போகாத சாவு

அதற்குப் பல வருஷம் கழித்து இன்னொரு கூ வந்தது. அதற்கு முன்பே எங்கள் அணியும் காரேஜும் இல்லாமல் போயிருந்தன. ஞாயிறு ஆட்டம் எப்போதோ திரும்பி வந்துவிட்டது. ஆடத்தான் ஆள் இல்லை. ஒரு வருஷம் ஒன்பது பேரோடு ஆடினோம். மறு வருஷம் அதுவும் இல்லை. காரேஜும் மூடிவிட்டது. சுவரில் இருந்த படங்களைக் கழற்றி எப்பேலி என் வீட்டில் கொண்டுவந்து வைத்தான். சாலுசாலுவின் நார் மட்டும் அண்ணன் படத்தில் அப்படியே இருந்தது.

எப்பேலிக்குச் சர்க்கரை வியாதி. முதலில் ஒரு காலின் விரல்களை எடுத்தார்கள். பிறகு அந்தக் காலையே முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். யார் மிதித்தாலும் வலிக்காத கால் அது.

அந்தக் கூ நடந்த வாரத்தில்தான் அவன் இறந்தான். அவன் மகன் போன் பண்ணி, கிராமத்தில் அடக்கம், வந்துவிடுங்கள் என்றான். மலைப்பக்கம் இந்தியர் வீடுகளில் புகுந்து அடித்தார்கள் என்று தினமும் ஒரு சேதி வந்துகொண்டிருந்த நேரம். நான் போகவில்லை. சாலையை மூடிவிட்டார்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

சாலை மூடியிருக்கவில்லை. பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குப் பயம். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவனுடைய ஊருக்குப் போக எனக்குப் பயம். அவனுக்கு நான் அரை நிமிஷம்கூட எங்கேயும் நிற்கவில்லை. இதை இத்தனை வருஷத்தில் இப்போதுதான் எழுதுகிறேன்.

சிகடோகா நோட்டு

கொஞ்ச காலத்துக்கு முன்பு பொன்னு அண்ணனின் மகள் லலிதா பிரிஸ்பேனிலிருந்து போன் பண்ணினாள். "அங்கிள், டாடி போயிட்டாரு." வியாழக்கிழமை தகனம் என்றாள்.

எனக்குச் சத்தியம்தான் முதலில் ஞாபகம் வந்தது. வெளியே வந்து பார்த்தேன். எங்கள் மைதானம் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள். ஓர் ஓரத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற கார்கள் நிற்கின்றன. கோல் கம்பம் இருந்த இடம் எனக்குத் தெரியும். அங்கே ஒருவர் துணி உலர்த்துகிறார்.

சிகடோகாவில் அந்தத் தோட்டக்காரர் அணி மட்டும் எப்படியோ பிழைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு ஆட்டம் என்று கேள்விப்பட்டு பஸ் பிடித்தேன். கண்ணாடியும் ஏசியும் வைத்த பஸ். வளைவுக்கு வளைவு பிரேக் போட்டான். வயிற்றைப் புரட்டியது.

செயலாளருக்கு முப்பது வயசு இருக்கும். மரியாதையான பிள்ளை. உட்கார வைத்து டீ கொடுத்தான். பெயரைச் சொன்னதும் பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் புரட்டினான். ஒரு பக்கத்தை என்னிடம் திருப்பிக் காட்டினான். பொன்னுசாமிக்கு ஒரு நிமிஷ மௌனம் செலுத்தப்பட்டது என்று அழகாக எழுதி வைத்திருந்தார்கள்.

"ஏற்கெனவே குடுத்திருக்கே அங்கிள்" என்றான் ஹிந்தியில். "ஒரு ஆளுக்கு எப்படி ரெண்டு தடவ?"

மாலையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல கதை அங்கிள் என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுத் திருப்பிச் சொன்னான். அவர்களும் சிரித்தார்கள். கமிட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டார்.

அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவன் பிறப்பதற்கு முன்னால் போன ஆள். நான் ஆட்டத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

நன்றி

புதன்கிழமை லலிதாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "நீங்க போன்லயே சொல்லுங்க அங்கிள். ஹால்ல ஸ்பீக்கர்ல போடறேன்" என்றாள்.

வியாழக்கிழமை காலை நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அண்ணன் படத்துக்கு முன்னால் நின்றேன். மனைவி ரேடியோவை அணைத்தாள். லலிதா, "இப்ப பேசுங்க" என்றாள். பொன்னு அண்ணன் பிடித்த பெனால்டிகளைப் பற்றியோ, ஓட்டிய பஸ்ஸைப் பற்றியோ நான் ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஹிந்தியில், ஆங்கிலத்தில், பிஜி மொழியில் எழுந்து நிற்கச் சொன்னேன். கடைசியாக, "அண்ணனுக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்க" என்று தமிழில் சொன்னேன்.

அந்தப் பக்கம் நிசப்தம். என்ன அருமையாக நிற்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு இருமல்கூட இல்லை. நொடி முள் ஒரு சுற்று வந்ததும், "நன்றி" என்றேன். பதில் இல்லை. "லலிதா" என்றேன். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இணைப்பு அறுந்திருந்தது. எப்போது அறுந்தது என்று தெரியவில்லை. நான் செத்த போனுக்கு மரியாதை செய்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் லலிதாவே கூப்பிட்டாள்.

"சாரி அங்கிள். நீங்க தமிழ்ல சொல்லி முடிச்சீங்க, லைன் போயிருச்சு. நான் திரும்பப் போட்டுப் பாத்தேன், கெடைக்கல."

"நின்னாங்களாம்மா?"

"எல்லாரும் நின்னாங்க. டெப்போ டிரைவருங்க யூனிபார்ம்ல வந்திருந்தாங்க, தொப்பிய எடுத்துட்டு நின்னாங்க. ஆனா எப்ப உக்காரணும்னு யாருக்கும் தெரியல. நீங்க சொல்லுவீங்கன்னு எல்லாரும் ஸ்பீக்கரையே பாத்துக்கிட்டு நின்னாங்க. கடைசில ஹால்காரன் வந்து, அடுத்த குடும்பம் வெளிய காத்திருக்காங்கன்னு சொன்ன அப்புறம்தான் உக்காந்தாங்க."

"எவ்ளோ நேரம் இருக்கும்?"

"நாலு நிமிஷம் அங்கிள். வீடியோல பாத்தேன்."

போனை வைத்துவிட்டு அணியின் படத்தைத் துடைத்தேன். பொன்னு அண்ணன் பின்வரிசையில் நடுவில் நிற்கிறார். அவருக்கு இடது பக்கம், வெறுங்காலோடு, எப்பேலி.

அண்ணன் கேட்டது ஒரு நிமிஷம்தான். மீதி மூன்றையும், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்கிற தைரியத்தில், நான் போகாத அந்தச் சாவுக்கு என்று வைத்திருக்கிறேன். எப்பேலி வாங்கிக்கொள்வானா என்று தெரியவில்லை.